பனியன் அளவும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவும்

திருப்பூரில் பனியன் அளவு என்றால் 75, 80, 85, 90 என்று ஐந்து ஐந்தாகத்தான் ஏறும். கடையில் போய் 83 கொடுங்க என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் எனக்கு ஒரு தடவை ஃபைலில் 83 வந்தது. ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டிலிருந்து டெலிவரி சலான் விவரம் எக்ஸ்எம்எல் ஃபைலாக, அதாவது ஒவ்வொரு தகவலையும் அதன் பெயர் எழுதிய டேக்குக்குள் வைத்து அனுப்பும் எழுத்து ஃபைலாக, வந்து எங்கள் புரோகிராமுக்குள் இறங்கும்; அதில் அளவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாள் 83, இன்னொரு நாள் "85 செமீ", அப்புறம் ஒரு நாள் வெறும் "எம்". மூன்றையும் புரோகிராம் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டது. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது 83 சைஸில் 40 டஜன் இருப்பதாக ரிப்போர்ட் காட்ட, கட்டிங் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதை எந்த டேபிள்ல போட்டு வெட்டுனீங்க?" என்று கேட்டார்.

இந்த மாதிரி சரக்கை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்துவதற்குத்தான் எக்ஸ்எம்எல் ஸ்கீமா இருக்கிறது; ஃபைலில் எது எப்படி வரலாம் என்ற விதிகளை எழுதி வைப்பது அது. புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள், நானும் அங்கேதான் அரை நாள் நின்றேன்: ஒரு எலிமென்ட்டுக்குள், அதாவது ஃபைலில் பெயரிட்ட ஒரு பெட்டிக்குள், வரும் மதிப்பைக் கட்டுப்படுத்தவும் வேண்டும், அதே எலிமென்ட்டுக்கு ஒரு ஆட்ரிபியூட்டும், அதாவது மேலே ஒட்டும் ஒரு குறிப்பும், வேண்டும். தனித்தனியாக இரண்டும் சுலபம். சேர்த்துச் செய்யப் போனால்தான் ஸ்கீமா முறைக்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். ஸ்கீமா மொழியின் சொற்களை இங்கே நான் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன். நீங்கள் ஃபைலில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்கும்: சிம்பிள்டைப் என்பதில் முதல் எழுத்து சின்னது, நடுவில் 'டைப்' தொடங்கும் எழுத்து பெரியது. ஆனால் அளவு, எடை, பிரிவு என்று நாமே வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. எக்ஸ்எம்எல் 1998-ல் வந்தபோதே டேக் பெயரில் தமிழ் எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவில் இடைவெளி கூடாது என்பது போன்ற சில விதிகள் மட்டும் உண்டு.

சரி, நம் ஃபைலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

<அளவு பிரிவு="ஆண்">85</அளவு>

இதில் அளவு என்பது எலிமென்ட். அதன் வயிற்றுக்குள் இருக்கும் 85 அதன் மதிப்பு. திறக்கும் டேக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பிரிவு என்பது ஆட்ரிபியூட். அட்டைப்பெட்டிக்குள் பனியன் இருக்கிறது, பெட்டி மேல் சீட்டு ஒட்டியிருக்கிறது, அந்தக் கணக்குதான். ஒரு எலிமென்ட்டில் ஒரே பெயரில் இரண்டு ஆட்ரிபியூட் இருக்க முடியாது. எந்த ஆட்ரிபியூட் முதலில் வருகிறது என்பது பொருட்டே இல்லை. ஆட்ரிபியூட்டுக்குள் இன்னொரு எலிமென்ட்டை வைக்கவும் முடியாது, வெறும் எழுத்து மட்டும்தான்.

ஸ்கீமாவுக்கு முன்னால் டிடிடி என்று ஒன்று இதே வாட்ச்மேன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எந்த எலிமென்ட்டுக்குள் எது வரலாம் என்று சொல்லும், ஆட்ரிபியூட்டுக்கு இந்த நாலு மதிப்பில் ஒன்றுதான் என்று கூடச் சொல்லும். ஆனால் எலிமென்ட்டின் வயிற்றுக்குள் இருப்பது எண்ணா எழுத்தா என்று அதற்குக் கவலையே கிடையாது. 2001 மே மாதம் டபிள்யூ3சி என்ற வலைத் தர அமைப்பு வெளியிட்ட ஸ்கீமாதான் அந்தக் கவலையை எடுத்துக்கொண்டது. ஃபைலில் வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை, அதாவது டைப், உண்டு என்பது அதன் அடிப்படை. முழு எண், தசம எண், தேதி, எழுத்துச்சரம் என்று 44 வகைகளை அது கையோடு கொடுக்கிறது. அதில் 19 மூல வகைகள், மிச்சம் 25 அவற்றிலிருந்து பிறந்தவை. நம் அளவுக்கு இன்டிஜர் என்று சொன்னாலே போதும், "எம்" வாசலில் நின்றுவிடும், "85 செமீ"யும் நின்றுவிடும்.

<எக்ஸ்எஸ்:எலிமென்ட் நேம்="அளவு" டைப்="எக்ஸ்எஸ்:இன்டிஜர்"/>

(முன்னால் நிற்கும் எக்ஸ்எஸ் என்பது, இது ஸ்கீமா மொழியின் சொல் என்று காட்டும் முன்னொட்டு.) 83 மட்டும் சிரித்துக்கொண்டே உள்ளே வரும். அதுவும் முழு எண்தானே? மைனஸ் 85 கூட வரும்.

இங்கேதான் ரெஸ்ட்ரிக்ஷன், அதாவது இருக்கிற ஒரு வகையை எடுத்து இன்னும் குறுக்குவது. எப்படிக் குறுக்குகிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு சின்னக் கட்டளைக்கும் ஃபேசட் என்று பெயர். 2001-ல் வந்த அந்த 1.0 பதிப்பில் மொத்தம் 12 ஃபேசட்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தினப்படி வேலைக்கு ஐந்தாறு போதும். குறைந்தது 75, அதிகம் போனால் 110 என்று சொல்ல மின்இன்க்ளூசிவ், மேக்ஸ்இன்க்ளூசிவ். இன்க்ளூசிவ் என்றால் அந்த எண்ணும் சேர்த்தி. எக்ஸ்க்ளூசிவ் என்று முடியும் ஜோடி ஒன்றும் உண்டு, அதில் அந்த எண் சேராது. துணி எடைக்கு நான் மின்எக்ஸ்க்ளூசிவ் 0 என்றுதான் வைப்பேன். பூஜ்யம் கிலோ துணியை யாரும் அனுப்பப் போவதில்லை, ஆனால் நூறு கிராம் சாம்பிள் வரலாம்.

ஆனால் 75 முதல் 110 வரை என்று வைத்தாலும் 83 அந்த எல்லைக்குள்தானே இருக்கிறது. அது போகவில்லை. இதற்கு இரண்டு வழி. ஒன்று எனுமரேஷன்: 75, 80, 85, 90, 95, 100, 105, 110 என்று எட்டு மதிப்புகளையும் வரிசையாக எழுதிவிடுவது, இந்த எட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது. இன்னொன்று பேட்டர்ன்: எண்ணின் கடைசி இலக்கம் 0 அல்லது 5-ஆக இருக்க வேண்டும் என்று எழுத்துகளின் வடிவத்தைச் சொல்வது. நான் எல்லையையும் பேட்டர்னையும் சேர்த்தே வைத்தேன்:

<எக்ஸ்எஸ்:சிம்பிள்டைப் நேம்="அளவுவகை">
  <எக்ஸ்எஸ்:ரெஸ்ட்ரிக்ஷன் பேஸ்="எக்ஸ்எஸ்:இன்டிஜர்">
    <எக்ஸ்எஸ்:மின்இன்க்ளூசிவ் வேல்யூ="75"/>
    <எக்ஸ்எஸ்:மேக்ஸ்இன்க்ளூசிவ் வேல்யூ="110"/>
    <எக்ஸ்எஸ்:பேட்டர்ன் வேல்யூ="[1-9][0-9]*[05]"/>
  </எக்ஸ்எஸ்:ரெஸ்ட்ரிக்ஷன்>
</எக்ஸ்எஸ்:சிம்பிள்டைப்>

எது நல்லது என்று கேட்டால், எட்டு மதிப்புக்கு எனுமரேஷனே கண்ணுக்குத் தெளிவு, ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கும் புரியும். நான் ஏன் பேட்டர்னுக்குப் போனேன் என்றால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எனுமரேஷன் மதிப்பை ஒப்பிடும், பேட்டர்ன் எழுத்தை ஒப்பிடும். பேஸ், அதாவது எதிலிருந்து குறுக்குகிறோமோ அந்த வகை, இன்டிஜராக இருக்கும்போது எனுமரேஷனில் 85 என்று எழுதியிருந்தால் ஃபைலில் "085" என்று வந்தாலும் செல்லும், "+85" என்று வந்தாலும் செல்லும், ஏனென்றால் மதிப்பு என்று பார்த்தால் எல்லாம் எண்பத்தைந்துதான். அடுத்த கட்டத்தில் அதை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு பார்கோடு அச்சடிக்கும் புரோகிராம் ஒன்று எங்களிடம் இருந்தது, அதற்கு 085 வேறு 85 வேறு. மேலே உள்ள பேட்டர்ன் முதல் எழுத்து 1 முதல் 9-க்குள் இருக்க வேண்டும், நடுவில் எத்தனை இலக்கமும் வரலாம் (* குறிக்கு அதுதான் அர்த்தம்) என்கிறது, அதனால் 085-ம் போச்சு, +85-ம் போச்சு.

பேட்டர்ன் பற்றி இன்னும் இரண்டு சங்கதி. வேறு மொழிகளில் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது இதே மாதிரி எழுத்து வடிவக் குறிகள், எழுதிப் பழகியவர்கள் முதலில் ஒரு கூரைக் குறியும் (^) கடைசியில் ஒரு டாலர் குறியும் பழக்கதோஷத்தில் போடுவார்கள். ஸ்கீமாவில் அது தேவையில்லை, பேட்டர்ன் எப்போதும் முழு மதிப்புக்கும் சேர்த்துத்தான் பொருந்த வேண்டும். போட்டால் அந்தக் குறிகள் நிஜமாகவே மதிப்பில் இருக்கின்றனவா என்று தேடும், இருக்காது, எல்லாம் ரிஜெக்ட். அடுத்தது, ஒரே ரெஸ்ட்ரிக்ஷனுக்குள் இரண்டு பேட்டர்ன் எழுதினால் "இது அல்லது அது" என்று அர்த்தம். "இதுவும் அதுவும்" வேண்டுமென்றால் ஒரு வகையை ஒரு பேட்டர்னால் குறுக்கி, அந்த வகையை இன்னொரு பேட்டர்னால் மறுபடி குறுக்க வேண்டும். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அப்படித்தான்.

அடுத்து ஆட்ரிபியூட். பிரிவு என்ற ஆட்ரிபியூட்டுக்கு ஆண், பெண், குழந்தை மூன்றில் ஒன்றுதான் வர வேண்டும். அதற்கும் ஒரு சிம்பிள்டைப்பே போதும், அளவுக்குச் செய்த அதே வேலைதான்:

<எக்ஸ்எஸ்:சிம்பிள்டைப் நேம்="பிரிவுவகை">
  <எக்ஸ்எஸ்:ரெஸ்ட்ரிக்ஷன் பேஸ்="எக்ஸ்எஸ்:டோக்கன்">
    <எக்ஸ்எஸ்:எனுமரேஷன் வேல்யூ="ஆண்"/>
    <எக்ஸ்எஸ்:எனுமரேஷன் வேல்யூ="பெண்"/>
    <எக்ஸ்எஸ்:எனுமரேஷன் வேல்யூ="குழந்தை"/>
  </எக்ஸ்எஸ்:ரெஸ்ட்ரிக்ஷன்>
</எக்ஸ்எஸ்:சிம்பிள்டைப்>

பேஸ் ஏன் ஸ்டிரிங் இல்லாமல் டோக்கன்? ஸ்டிரிங் என்பது இடைவெளியை அப்படியே வைத்துக்கொள்ளும். "ஆண் " என்று பின்னால் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டு வந்தால் அது "ஆண்" இல்லை என்று தள்ளிவிடும். டோக்கன் முன்னும் பின்னும் உள்ள காலி இடத்தைத் துடைத்துவிட்டு, நடுவில் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றாக்கிவிட்டுத்தான் பார்க்கும். எண் வகைகளும் இப்படித்தான் துடைத்துக்கொள்ளும். எக்செல்லிலிருந்து எடுத்து எக்ஸ்எம்எல் ஆக்குகிறவர்கள் அனுப்பும் ஃபைலில் காலி இடம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது கையில் இரண்டு வகை தயார். அளவுக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று. இரண்டையும் அளவு என்ற எலிமென்ட்டில் சேர்க்க வேண்டும். புதிதாக வருபவர் என்ன செய்வார்? அளவுவகை என்ற சிம்பிள்டைப்புக்குள்ளேயே, மேக்ஸ்இன்க்ளூசிவுக்குக் கீழே ஒரு ஆட்ரிபியூட் வரியைச் சொருகிப் பார்ப்பார். நானும் சொருகினேன். ஸ்கீமாவே செல்லாது என்று வந்தது. சரி, ஆட்ரிபியூட்டை எடுத்துவிட்டு ஸ்கீமாவை மட்டும் சரிசெய்து, ஃபைலில் பிரிவு இருக்கட்டும் என்று விட்டால், ஜாவா உலகத்தில் நிறையப் பேர் பயன்படுத்தும் செர்சஸ் என்ற சரிபார்க்கும் புரோகிராம் "சிவிசி-டைப் 3.1.1" என்று ஒரு எண்ணைக் காட்டி, இந்த எலிமென்ட் சிம்பிள்டைப், இதற்கு ஆட்ரிபியூட் இருக்கக் கூடாது என்கிறது.

இந்தப் பிழைச்செய்திக்குள்ளேயே விடை இருக்கிறது, எனக்குத்தான் அன்றைக்குக் கண்ணில் படவில்லை. சிம்பிள்டைப் என்றால் வெறும் எழுத்து, வேறொன்றும் கிடையாது. சீட்டு ஒட்டவே முடியாத சரக்கு அது. ஒரு ஆட்ரிபியூட் வந்துவிட்டாலே அந்த எலிமென்ட் காம்ப்ளெக்ஸ்டைப் ஆகிவிடுகிறது, உள்ளே இருப்பது வெறும் 85-ஆக இருந்தாலும் சரி. காம்ப்ளெக்ஸ் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், ஒட்டு உண்டு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டாவது விஷயம், இதுதான் முக்கியம்: மதிப்பைக் குறுக்குவது ரெஸ்ட்ரிக்ஷன், ஆட்ரிபியூட் சேர்ப்பது எக்ஸ்டென்ஷன். ஒன்று இருப்பதைக் குறைக்கிறது, இன்னொன்று இல்லாததைக் கூட்டுகிறது. ஒரே அடியில் இரண்டையும் செய்ய ஸ்கீமா விடாது. ஃபேக்டரியில் கட்டிங் ஒரு டேபிள், லேபிள் தைப்பது இன்னொரு டேபிள், ஒரே ஆள் இரண்டு டேபிளிலும் நிற்க முடியாது என்கிற மாதிரி. முதலில் வெட்டி முடித்து, அந்த வெட்டிய பீஸை லேபிள் டேபிளுக்கு அனுப்ப வேண்டும்:

<எக்ஸ்எஸ்:எலிமென்ட் நேம்="அளவு">
  <எக்ஸ்எஸ்:காம்ப்ளெக்ஸ்டைப்>
    <எக்ஸ்எஸ்:சிம்பிள்கன்டென்ட்>
      <எக்ஸ்எஸ்:எக்ஸ்டென்ஷன் பேஸ்="அளவுவகை">
        <எக்ஸ்எஸ்:ஆட்ரிபியூட் நேம்="பிரிவு" டைப்="பிரிவுவகை" யூஸ்="ரிக்வயர்ட்"/>
      </எக்ஸ்எஸ்:எக்ஸ்டென்ஷன்>
    </எக்ஸ்எஸ்:சிம்பிள்கன்டென்ட்>
  </எக்ஸ்எஸ்:காம்ப்ளெக்ஸ்டைப்>
</எக்ஸ்எஸ்:எலிமென்ட்>

வெளியிலிருந்து உள்ளே படித்துக்கொண்டு போங்கள். அளவு என்று ஒரு எலிமென்ட். அது காம்ப்ளெக்ஸ், ஏனென்றால் ஒட்டு உண்டு. ஆனால் உள்ளே வேறு எலிமென்ட் எதுவும் இல்லை, வெறும் மதிப்புதான், அதனால் சிம்பிள்கன்டென்ட். அந்த மதிப்பு ஏற்கெனவே நாம் குறுக்கி வைத்த அளவுவகை. அதன்மேல் கூடுதலாகப் பிரிவு என்ற ஆட்ரிபியூட், கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்து அடுக்கு என்பது கொஞ்சம் அதிகம்தான், எழுதியவர்கள் நமக்கு ஒரு குறுக்குவழி கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு. ஆனால் ஒருமுறை கை பழகிவிட்டால் இந்த அடுக்கு தூக்கத்தில் கூட வரும்.

இங்கே பலர் இன்னொரு தப்பும் செய்வார்கள். சிம்பிள்கன்டென்ட்டுக்குள் எக்ஸ்டென்ஷன் வரும் இடத்தில் ரெஸ்ட்ரிக்ஷன் என்று போட்டு, பேஸ் இன்டிஜர் என்று எழுதி, ஃபேசட்டும் ஆட்ரிபியூட்டும் சேர்த்து உள்ளே போட்டுவிடுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் தெரியும், எடிட்டர் கூடச் சில சமயம் சும்மா இருக்கும். ஆனால் சிம்பிள்கன்டென்ட்டுக்குள் வரும் ரெஸ்ட்ரிக்ஷனின் பேஸ் ஏற்கெனவே ஒரு காம்ப்ளெக்ஸ்டைப்பாக இருக்க வேண்டும், இன்டிஜர் அது இல்லை. முதலில் இன்டிஜருக்கு ஆட்ரிபியூட் ஒட்டி ஒரு காம்ப்ளெக்ஸ்டைப் செய்து, அதற்கப்புறம் அதை இந்த ரெஸ்ட்ரிக்ஷனால் குறுக்கினால் செல்லும். அதாவது லேபிள் ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுவது. செய்யலாம், சில இடங்களில் தேவையும் படும், உதாரணமாகப் பொதுவான ஒரு எடை வகையை வைத்துக்கொண்டு ரோலுக்கு ஒரு எல்லை, சாம்பிளுக்கு ஒரு எல்லை என்று பிரிக்கும்போது. ஆட்ரிபியூட் இரண்டிலும் தானாகவே வந்துவிடும். ஆனால் முதல் தடவை செய்பவர் வெட்டிவிட்டு ஒட்டுவதோடு நின்றால் போதும்.

யூஸ் ரிக்வயர்ட் என்று நான் எழுதியதைக் கவனித்தீர்களா? அதை எழுதாமல் விட்டால் ஆட்ரிபியூட் விருப்பம்தான், இருக்கலாம் இல்லாமலும் போகலாம். எலிமென்ட்டுக்கு நேர்மாறு: அதற்கு ஒன்றும் எழுதாமல் விட்டால் கட்டாயம் ஒரு தடவை வர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பிரிவு இல்லாத ஃபைல் ஏன் பாஸ் ஆகிறது என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. இன்னொரு வழி டிஃபால்ட். துணி ரோல் எடைக்கு அலகு என்ற ஆட்ரிபியூட் வைத்து, டிஃபால்ட் கிலோ என்று சொல்லிவிட்டால், அனுப்புபவர் அலகு எழுதாவிட்டால் ஃபைலைப் படிக்கும் பார்சரே கிலோ என்று நிரப்பிக் கொடுக்கும். டிஃபால்ட்டும் ரிக்வயர்டும் ஒரே இடத்தில் சேராது, யோசித்தால் நியாயம்தான், கட்டாயம் எழுத வேண்டியதற்கு நிரப்பி வைக்கும் மதிப்பு எதற்கு? எலிமென்ட்டுக்கும் டிஃபால்ட் உண்டு, ஆனால் அது எலிமென்ட் வந்து காலியாக இருந்தால்தான் நிரப்பும், எலிமென்ட்டே வராவிட்டால் நிரப்பாது. ஃபிக்ஸ்டு என்று ஒன்றும் இருக்கிறது: வந்தால் இந்த மதிப்பாகத்தான் வர வேண்டும் என்பது.

அந்த எடை வகையில் ஃபிராக்ஷன்டிஜிட்ஸ் என்ற ஃபேசட்டும் வைத்தேன், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், கிராம் வரைக்கும். 24.6505 நின்றுவிடும். ஆனால் 24.6500 உள்ளே வந்துவிடும், கடைசிப் பூஜ்யங்களுக்கு மதிப்பில் இடமில்லை என்பதால். எல்லை 2 என்று வைத்தாலும் 24.650 செல்லும். எழுத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் பேட்டர்ன்தான், மேலே 085-க்குச் சொன்ன அதே கதை.

வேகமாக இன்னும் இரண்டு. தேதிக்கு டேட் வகையைப் போட்டால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-09-05 என்றுதான் ஏற்கும். நம் ஊர் சலானில் எழுதும் 05-09-2025 செல்லாது, அனுப்புபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூலியன் வகை ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 என்ற நாலை மட்டும் ஏற்கும், அதற்கு எனுமரேஷன் போடவே முடியாது. "ஆம்", "இல்லை" வேண்டுமென்றால் டோக்கனை வைத்து நீங்களே ஒரு வகை செய்துகொள்ளுங்கள்.

இனி தமிழில் மதிப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் வம்பு. இதைப் பற்றிப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கிலீஷ் பாடங்களில் இது இருக்காது.

ஊர் என்று ஒரு எலிமென்ட் வைத்து, மேக்ஸ்லெங்த் 8 என்று ஒரு தடவை எழுதினேன். நம் ஊர்ப் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டுமா என்ன, திருப்பூர் ஐந்து எழுத்து, பொள்ளாச்சி ஐந்து எழுத்து, ஈரோடு மூன்றே எழுத்து என்று கணக்குப் போட்டு. ஈரோடு மட்டும் பாஸ் ஆனது, திருப்பூர் வாசலில் நின்றுவிட்டது! ஸ்கீமா நம்மைப் போல எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. தி என்பது த ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ப் என்றால் ப ஒன்று, மேலே இருக்கும் புள்ளி ஒன்று. அப்படிப் பார்த்தால் திருப்பூர் பத்து, ஈரோடு ஐந்து, கோயம்புத்தூர் நம் கணக்கில் ஏழு, அதன் கணக்கில் பதின்மூன்று. தமிழுக்கு நீள எல்லை வைப்பவர்கள் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கிக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். "கிலோ" என்று எனுமரேஷனில் எழுதியிருக்கிறேன். ஃபைலிலும் "கிலோ" என்றுதான் வருகிறது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் ரிஜெக்ட். காரணம், லோ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ல-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ல-வோடு ஏகாரக் கொம்பு ஒன்றும் துணைக்கால் ஒன்றும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஸ்கீமாவுக்கு அவை வேறு வேறு சொற்கள், அது இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காது. ஒ, ஓ, ஔ ஏறிய எல்லா உயிர்மெய்க்கும் இந்தத் தொல்லை உண்டு. ஃபைல் வந்தவுடன் யூனிகோடு நார்மலைசேஷன் ஒன்றைச் செய்து, எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றிவிட்டு அப்புறம் ஸ்கீமாவிடம் கொடுத்தால் தீர்ந்தது. என்னைக் கேட்டால், டேக் பெயரைத் தமிழில் வையுங்கள், படிக்க அழகாக இருக்கிறது. எனுமரேஷன் மதிப்புக்கு மட்டும் சின்னதாக ஒரு குறியீட்டு எண் வைத்துக்கொண்டு, தமிழ்ச் சொல்லைத் திரையில் காட்டுங்கள். மேலே நான் ஆண், பெண் என்று எழுதியது படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

மூன்றாவது வேடிக்கையானது. பேட்டர்னில் இலக்கம் என்று சொல்ல, பின்சாய்வுக் கோடும் டி எழுத்தும் சேர்ந்த குறி ஒன்று உண்டு, பலரும் 0 முதல் 9 வரை என்று நினைத்து அதைப் போடுவார்கள். ஸ்கீமாவில் அது உலகத்து எல்லா மொழி இலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும், தமிழ் எண்கள் உட்பட. டோக்கனைப் பேஸாக வைத்து, ஆறு இலக்கம் என்று இந்தக் குறியால் பின்கோடு பேட்டர்ன் எழுதினால், 641601-ம் செல்லும், ௬௪௧௬௦௧-ம் செல்லும். தமிழ்ப் பற்றுக்கு நல்லதுதான், தபாலை எண் வைத்துப் பிரிக்கும் புரோகிராமுக்கு நல்லதில்லை. 0-9 என்று சதுர அடைப்புக்குறியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பேஸ் இன்டிஜராக இருந்தால் இந்தக் கவலை இல்லை, அது 0 முதல் 9-ஐ மட்டும்தான் எண்ணாகவே மதிக்கும்.

இவ்வளவும் செய்து ஓட்டியபோது எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு கேள்வி கேட்டான். "ஏனுங்ணா, பிரிவு குழந்தைன்னு போட்டுட்டு அளவு 110 போட்டா உள்ள வருதுங்களே, அதை நிறுத்த முடியாதுங்களா?" நல்ல கேள்வி. ஆட்ரிபியூட்டின் மதிப்பைப் பார்த்து எலிமென்ட்டின் எல்லையை மாற்றுவது 1.0-ல் நடக்காது. ஒவ்வொரு ஃபேசட்டும் தன் மதிப்பை மட்டும்தான் பார்க்கும், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காது. 2012 ஏப்ரலில் வந்த 1.1 பதிப்பில் ஆல்டர்னேட்டிவ் என்று ஒன்று இருக்கிறது, பிரிவு குழந்தையாக இருந்தால் இந்த வகை, இல்லாவிட்டால் அந்த வகை என்று சொல்லலாம். அசர்ஷன் என்று இன்னொன்று, அதில் ஐந்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்று நேராகவே எழுதிவிடலாம், பேட்டர்னில் சுற்றி வளைக்க வேண்டாம். சிக்கல் என்னவென்றால் 1.1 எல்லா இடத்திலும் ஓடாது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் கூடவே வருவது 1.0 மட்டும்தான், பைத்தானில் பலரும் நம்பியிருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2-ம் அப்படியே. சாக்சன் என்ற எக்ஸ்எம்எல் மென்பொருளின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் இருக்கிறது, ஜாவாவுக்கான செர்சஸில் அதற்கென்று தனிப் பொதி எடுத்தால் இருக்கிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லாததால் குழந்தைஅளவு என்று தனி எலிமென்ட்டே வைத்து, அதற்குத் தனி எல்லை கொடுத்துவிட்டோம். அழகில்லைதான், ஓடுகிறது.

இப்போது 83 வருவதில்லை. போன மாதம் ஸ்டாக் எடுத்தபோது 85 மட்டும் வழக்கத்தைவிட நிறைய இருப்பதாகக் காட்டியது. விசாரித்தால், அந்த யூனிட்டில் டைப் அடிக்கும் பையன், ஃபைல் திரும்பி வந்தால் திட்டு விழுகிறது என்று, சலானில் அளவு சரியாகத் தெரியாத பெட்டிக்கெல்லாம் 85 என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஸ்கீமா எல்லாவற்றையும் பாஸ் பண்ணியிருந்தது. அதற்கு ஃபேசட் எதுவும் கிடையாது, மேஸ்திரியைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ப் பெட்டிகளைப் பிரித்து எண்ணினோம்.